நெஞ்செரிச்சலும் முன்னோர் கண்ட உணவு நெறியும்

நெஞ்செரிச்சல் என்று தமிழில் நாம் வழங்கிவரும் நோவு உண்மையில் நெஞ்சுக்கு உரியதன்று, இரைப்பைக்கு உரியது. இரைப்பையில் அடங்கியிருக்க வேண்டிய புளிப்பு நீர் தன் எல்லை கடந்து உணவுக்குழாயில் ஏறுவதால் அது விளைகிறது. ஆயினும் நோயுற்றவன் கை வைத்துக் காட்டுவது மார்பின் நடுவிடத்தை. ஆதலின் பெயரும் அவ்விடத்தைக் கொண்டே அமைந்துவிட்டது. இத்தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. யவன மருத்துவர்கள் 'கார்தியா' என்ற ஒரே சொல்லால் இதயத்தையும் குறித்தனர். இரைப்பையின் மேல்வாயையும் குறித்தனர். ஆங்கிலேயர் இந்நோவுக்கு இட்ட பெயரிலும் எரிவது இதயமே. அரபு மொழியில் 'ஃபுஆத்' என்றால் உள்ளம், இதயம் என்பது முதலாண்டு ஓதும் மாணவனும் அறிந்த பொருள். ஆனால் அரபு மருத்துவ நூல்களில் 'வஜஉல் ஃபுஆத்' என்று வருமிடத்தில் இதயவலி என்றே பொருள் கொண்டால் பல இடங்கள் விளங்காமற் போகும். அங்கே அது 'ஃபமுல் மிஅதா' எனப்படும் இரைப்பை வாயில் எழும் வலியாகும்.

சொல்லின் இம்மயக்கத்தை முதலிலேயே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அது அகராதிச் செய்தியோடு நின்றுவிடவில்லை. மனித உயிரையும் தொடுகிறது. கட்டுரையின் பிற்பகுதியில் அதனைக் காண்போம்.

இமாம் அபூதாவூத் அவர்களின் தொகுப்பில் மருத்துவம் பற்றிய பகுதியில் ஓர் அறிவிப்பு இடம்பெறுகிறது. ஸஅது (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்று, மார்பின் மீது கரம் வைத்துப் பார்த்து, ஃபுஆதில் நோவு கண்டவர் எனக் கூறி, தகீஃப் குலத்து மருத்துவர் ஹாரித் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்ததாக அதன் கருத்து. இதன் அறிவிப்பாளர் தொடரில் குறை காண்போரும் உளர். அது கிடக்க, இக்காலத்தார் சிலர் இதனைப் பிடித்துக்கொண்டு, மாரடைப்பை உலகில் முதலில் கண்டு சொன்ன செய்தி இதுவே என்று எழுதுகின்றனர். ஃபுஆத் என்னும் சொல் இரு பொருள் தாங்கி நிற்கும்போது, அந்நோவு இதயத்தின் நோவா, இரைப்பை வாயின் நோவா என்று நாம் எவ்வாறு முடிவு கட்டுவது? அந்த அறிவிப்பிலிருந்து ஐயமின்றிக் கிடைப்பது ஒன்றுதான்: நோயாளி மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். அம்மருத்துவர் இஸ்லாத்தை ஏற்றவரா இல்லையா என்பதிலும் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் அவர் துறையறிந்தவர் என்பதே அங்குத் தகுதியாகக் கொள்ளப்பட்டது.

இந்த ஹாரித் இப்னு கலதா தாயிஃப் நகரத்தவர். பாரசீகத்தில் மருத்துவம் பயின்றவர் என்பர். இவரோடு தொடர்புடைய மற்றொரு செய்தி நமக்கு இங்கு மிகவும் வேண்டுவது. இரைப்பையே நோய்களின் இல்லம், பத்தியமே மருந்துகளின் தலை என்னும் கருத்துடைய ஒரு வாக்கை நபிமொழியாக எடுத்தாள்வதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். நாட்காட்டிகளில் அச்சிடுகின்றனர், யூனானி மருந்துக் கடைகளில் பலகையாகத் தொங்கவிடுகின்றனர். நாமும் இளமையில், ஓதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாணவர் கூட்டத்தில் அதனை ஹதீஸ் என்றே கூறிவிட்டு அமர்ந்தோம். கூட்டம் முடிந்ததும் எங்கள் ஹஜ்ரத் அழைத்து, இமாம் இப்னுல் கய்யிம் அவர்களின் 'ஸாதுல் மஆத்' நூலின் நான்காம் பாகத்தை எடுத்து வரச் சொன்னார்கள். அந்த வாக்கு நாயகம் (ஸல்) அவர்களுடையதன்று, அரபியரின் மருத்துவரான ஹாரித் இப்னு கலதாவுடையது. அதனை நபியோடு சேர்ப்பது சரியன்று என்று ஹிஜ்ரி 751-இல், அதாவது கி.பி. 1350-இல் மறைந்த அப்பேரறிஞர் அதில் தெளிவாக எழுதியிருப்பதை எம்மைக் கொண்டே வாசிக்கச் செய்தார்கள். நல்ல சொல் என்பதற்காக அதனை நபியின் நாவில் ஏற்றிவிடலாகாது என்று அவர்கள் அன்று கூறியது இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. அந்த ஹஜ்ரத் அவர்களைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நபிமொழியாகவே திர்மிதீ போன்ற நூல்களில் மிக்தாம் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தி வேறு. வயிற்றை மூன்றாகப் பகுத்து உணவுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என விட்டுவைக்கும் அளவை அது கற்பிக்கிறது. இது எந்த உணவையும் நல்லது, தீயது என்று பிரிக்கவில்லை, பட்டியல் தரவில்லை, அளவு ஒன்றையே பேசுகிறது. இமாம் கஸ்ஸாலீ அவர்கள் 'இஹ்யா'வில் வயிற்றின் வேட்கையை அடக்குவதற்கென ஒரு தனி நூற்பகுதியே வகுத்தபோதும் அவர்கள் நோக்கு உள்ளத்தின் தூய்மையே, நெஞ்செரிச்சலன்று. மருந்துச் சீட்டாக எழுதப்படாததை மருந்துச் சீட்டாக மாற்றுவோர் அதன் உயரத்தைக் குறைக்கின்றனர் என்பதே நம் கருத்து.

இனி மருத்துவர்கள் பக்கம் வருவோம். ஹிஜ்ரி 428-இல் (கி.பி. 1037) ஹமதானில் மறைந்த இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் தனி இயல் ஒதுக்கியுள்ளார். அவர் வயிற்று வலியாலேயே மாண்டார் என்பது விதியின் விளையாட்டு. அங்கே ஏப்பத்தை இருவகையாக அவர் பகுப்பதைக் காண்கிறோம். புளித்த ஏப்பம் இரைப்பையின் குளிர்ச்சியைக் காட்டும். புகை நாற்றமுடைய ஏப்பம் அதன் வெப்பத்தைக் காட்டும் என்பது அக்கால மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கை. ஜாலீனூஸிடமிருந்து வந்த நான்கு குணக் கோட்பாட்டின் விளைவு இது. இரைப்பை ஓர் அடுப்பு. நெருப்புத் தாழ்ந்தால் சோறு வேகாமல் புளிக்கும், நெருப்பு மிஞ்சினால் தீய்ந்து புகையும் என்று எண்ணிப் பார்த்தால் அக்கொள்கையின் அழகு விளங்கும். ஆனால் அதன் விளைவு என்ன? புளித்த ஏப்பக்காரனுக்குக் குளிர்ச்சி நீங்கும் பொருட்டு மிளகும் சுக்கும் சீரகமும் சேர்ந்த 'ஜவாரிஷ்' லேகியங்கள் தரப்பட்டன. ஜவாரிஷ் கமூனி இன்றும் யூனானிக் கடைகளில் கிடைக்கிறது. உணவு செரியாமல் வயிறு உப்பியவனுக்குச் சீரகம் இதம் தரலாம். அமிலம் மேலேறிக் குழாய் புண்ணானவனுக்கு மிளகு மேலும் எரிச்சலூட்டவே செய்யும். புளிப்பு என்பது இரைப்பை தானே சுரக்கும் வலுவான அமிலம் என்பதை அக்கால மருத்துவர் எவரும் அறிந்திலர். அறிய அவர்களிடம் கருவியும் இல்லை. இதனை மறைத்து, எல்லாம் அன்றே சொல்லப்பட்டுவிட்டன என்று மார்தட்டுவது இப்னு ஸீனாவுக்கும் பெருமை சேர்க்காது.

வெப்பமுற்ற இரைப்பைக்கு அவர்கள் தந்த பொருள்களில் ஒன்று 'தபாஷீர்'. அது மூங்கிலின் கணுக்களுக்குள் திரளும் வெண்பொருள். மூங்கிலுப்பு என்று நம் நாட்டு மருத்துவம் அழைப்பது. நம் நாட்டிலிருந்தே அரபகத்துக்கு ஏற்றுமதியானது. அதில் பெரும்பகுதி மணலை ஒத்த சிலிக்காவே ஆதலால் அமிலத்தை முறிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. வேடிக்கை என்னவெனில், இக்கால அரபு மொழியில் தபாஷீர் என்றால் பள்ளிக்கூடச் சுண்ணாம்புக் கட்டி என்று பொருள்; இயற்கைச் சுண்ணாம்போ அமிலத்தை உடனே முறிக்கக்கூடியது. பெயர் மட்டும் சரியான பொருளைப் பல நூற்றாண்டு கழித்துச் சென்றடைந்தது போலும்! (கரும்பலகைக் கட்டியை எவரும் கடித்துப் பார்த்துவிட வேண்டா, இன்று விற்பவற்றில் பல ஜிப்சம்.)

பட்டியலில் தவறிய அம்மருத்துவர்கள் அளவிலும் நேரத்திலும் தவறவில்லை என்பதுதான் நாம் வியந்து நிற்கும் இடம். பசி சற்றே எஞ்சியிருக்கும்போது கையை எடுத்துவிடுக. முன்னுண்டது இறங்குமுன் பின்னுண்ணாதே. உண்டவுடன் கடும் வேலையும் வேண்டா, உடனே படுக்கையும் வேண்டா. மெல்லிய நடை நன்று. இவை 'கானூன்' முதற்பாகத்து உடல்நலப் பேணல் பகுதியில் வரும் கருத்துகள். திருவள்ளுவர் 'மருந்து' என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் பெரும்பாலும் உணவையே பேசி, முன்னுண்டது அற்றதை அறிந்து உண்ணச் சொன்னதை நினைவுகூர்ந்தால் இரு மரபும் ஒரே அனுபவத்தில் சந்திப்பது தெரியும். பக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லான் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்னும் நூலில் காற்று, உணவு, உறக்கம், உழைப்பு, கழிவு, மனநிலை என்ற ஆறையும் கட்டம் கட்டமாக அட்டவணையிட்டுக் காட்டினார். அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் வண்ணப் படங்களோடு உலவியது. ராஸீ (மறைவு ஹிஜ்ரி 313 அளவில்) உணவுகளின் பயனையும் அவற்றின் கேட்டைத் தவிர்க்கும் வழியையும் பற்றித் தனி நூல் எழுதினார். உணவால் தீர்வதற்கு மருந்தைத் தேடாதே என்பது அவர் பெயரால் வழங்கும் கொள்கை.

இவர்களுள் நம் மனத்தை மிகவும் கவர்ந்தவர் யூத மருத்துவரான மூஸா இப்னு மைமூன். எகிப்தின் ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த இவர், சுல்தான் ஸலாஹுத்தீனின் மூத்த மகன் அல்-அஃப்ழல் செரிமானக் குறையாலும் மனச்சோர்வாலும் வருந்தி எழுதிக் கேட்டபோது, 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு மொழியில் ஓர் உடல்நல நூலை எழுதியனுப்பினார். அரசகுமாரனுக்கு எழுதுகிறோமே என்ற தயக்கம் அதில் இல்லை. மனிதன் தன் கால்நடைக்குத் தீனியை அளந்து போடுகிறான், அளவு மிஞ்சினால் மாடு நோயுறும் என அஞ்சுகிறான். தன் வயிற்றுக்கு மட்டும் அளவு பார்ப்பதில்லை என்று இடித்துரைக்கிறார். நல்ல உணவேயானாலும் மிகையாக உண்டால் கேடே என்பதும், நிறைவு வருமுன் நிறுத்துவதே நலம் என்பதும் அவர் கூற்றின் சாரம். நெறியை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லத் துணிந்த மருத்துவரையும், அதனைப் பொறுத்துக் கேட்ட நோயாளியையும் ஒருங்கே பாராட்ட வேண்டும்.

இரைப்பையை நேரில் கண்டறிய முயன்றவர்களும் நம்மவரிடையே இருந்தனர். மோசூலில் 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு அபில் அஷ்அஸ் உணவு பற்றித் தாம் எழுதிய நூலில் ஒரு சிங்கத்தின் இரைப்பையைச் சோதித்ததை விவரிக்கிறார். சுற்றி நின்றோர் அது மிகச் சிறியது என்று எண்ணியபோது, அவர் குடம் குடமாக நீரை ஊற்றினாராம். இரைப்பை விரிந்துகொண்டே போனது. உட்புறத்து மடிப்புகள் மறைந்து வழவழப்பாயின. பின் நீரை வெளியேற்றியதும் அது சுருங்கியது. நிறைக்க நிறைக்க இடங்கொடுக்கும் பை இது என்பதை அவர் கண்ணால் கண்டு எழுதினார்.

அதன் பின்னர் ஏறத்தாழ 900 ஆண்டுகள் சென்றன. 1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், வட அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் ஏழைப் படகோட்டி இளைஞன் துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் வயிற்றில் காயமுற்றான். இராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் அவனைப் பிழைக்க வைத்தார். ஆனால் இரைப்பைக்குள் நேராகத் திறந்த ஒரு துளை ஆறாமலே நின்றுவிட்டது. மருத்துவர் அத்துளையைச் சாளரமாகக் கொண்டார். இறைச்சித் துண்டையும் ரொட்டியையும் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, மணிக்கணக்கில் வைத்து, வெளியே இழுத்துப் பார்த்தார். கோபம் வந்தபோது செரிமானம் குலைவதையும் கண்டார். இவற்றையெல்லாம் 1833-இல் நூலாக வெளியிட்டார். அதற்குச் சற்று முன், 1823-இல், இலண்டனில் வில்லியம் பிரௌட் இரைப்பையில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று நிறுவியிருந்தார். அறிவு வளர்ந்தது, ஆனால் அந்தப் படகோட்டி ஒப்பந்தம் எழுதப்பட்ட சோதனைப் பொருளாகவே நடத்தப்பட்டான் என்பதை நூலைப் புகழ்வோர் மறந்துவிடுகின்றனர். 1880-இல் அவன் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்க்காதிருக்கும் பொருட்டு, குடும்பத்தார் அது அழுகும்வரை வைத்திருந்தே அடக்கம் செய்தனர்.

அமிலம் இன்னதென்று தெரிந்தபின் புதிய பட்டியல்கள் எழுந்தன. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது சிகாகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி 1915-இல் வெளியிட்டது. இரைப்பைப் புண் உடையோர் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை மணிக்கு ஒரு முறை பாலும் பாலேடும் கலந்து சிறிதளவு பருக வேண்டும். இடையிடையே அமிலமுறிப்புத் தூள்கள் உண்ண வேண்டும். பால் வெண்மையானது, குளிர்ந்தது, குழந்தைக்கும் ஒத்தது. எரிகின்ற வயிற்றை அது அணைக்காமல் வேறு எது அணைக்கும்? இந்த எண்ணம் மேற்கிலும் கிழக்கிலும் வீடுதோறும் குடிபுகுந்தது. 1923 முதலே பாலும் காரத்தூளும் மிகுதியாக உண்டோர் இரத்தத்தில் சுண்ணச் சத்து மிகுந்து சிறுநீரகம் கெடுவதை மருத்துவர்கள் கண்டு எழுதினர். எனினும் வழக்கம் மாறவில்லை. 1976-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பால் சற்று நேரம் அமிலத்தை முறித்தாலும் பிறகு அதன் புரதமும் சுண்ணமும் புதிய அமிலத்தைச் சுரக்கவே தூண்டுகின்றன என்று தெரிந்தது. 1986-இல் நம் நாட்டு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. சிறுகுடல் முகப்புப் புண்ணுக்கு ஒரே மருந்தை இரு பிரிவினருக்கும் தந்து, ஒரு பிரிவினரை வழக்கமான உணவிலும் மற்றவரைப் பால் உணவிலும் வைத்தனர். நான்கு வாரத்தில் வழக்கமான உணவு உண்டோரில் 100-க்கு 78 பேருக்கும், பால் உணவினரில் 100-க்கு 53 பேருக்கும் புண் ஆறியிருந்தது.

எங்கள் ஹஜ்ரத் அவர்களும் பாலை நம்பினார்கள். மாணவராயிருந்த நாங்களே இரவு நேரத்தில் சூடு ஆறிய பாலை ஒரு பெரிய தம்ளரில் கொண்டுபோய்க் கொடுப்போம். இஷாவுக்குப் பின் உணவு, அதன்பின் சிறிது நேரம் கிதாபு, பிறகு பால், உடனே படுக்கை. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டிருப்பார்கள். காலையில் கேட்டால், பால் குடித்தும் இப்படி என்றால் குடிக்காவிட்டால் எப்படி இருந்திருக்கும் என்பார்கள். ஒரு வாக்கு யாருடையது என்பதை மூல நூலைத் திறந்து காட்டித் திருத்திய அப்பெரியார், வழக்கம் சொன்ன பாலை மட்டும் எந்த மூலத்தையும் கேளாமல் ஏற்றுக்கொண்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

புண் வேறு, எதுக்களிப்பு வேறு என்பதையும் இங்கு விளக்குதல் வேண்டும். இரைப்பைப் புண்ணுக்குப் பெருங்காரணம் ஒரு நுண்ணுயிர் என்று ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் 1980-களில் நிறுவினர். 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். எதுக்களிப்போ கதவின் குறை. உணவுக்குழாய் இரைப்பையைச் சேருமிடத்தில் தசை வளையம் ஒன்று இருந்து, உணவு இறங்கும்போது திறந்து, பின் மூடிக்கொள்கிறது. 1935-இல் நியூயார்க் மருத்துவர் ஆஷர் விங்கல்ஸ்டீன், அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குவதைத் தனி நோயாக இனங்காட்டினார். 1956-இல் அந்த வளையத்தின் அழுத்தம் அளந்து காட்டப்பட்டது. 1980-இல் ஜான் டென்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு நமக்கு முதன்மையானது. விழுங்காத வேளையிலும் அவ்வளையம் இடையிடையே தானாகத் தளர்கிறது. அப்போதே அமிலம் ஏறுகிறது என அவர்கள் கண்டனர். இத்தளர்ச்சியைத் தூண்டுவது எது என்று பின்னர் ஆராய்ந்ததில், இரைப்பை விரிதல் பெருங்காரணமாகத் தெரிந்தது. வயிறு முட்ட நிறைந்தால் கதவு அடிக்கடி திறக்கிறது. மூன்றிலொரு பங்கை மூச்சுக்கு விடும் அளவும், பசி எஞ்சக் கையெடுக்கும் மருத்துவ நெறியும் இந்தக் கதவை அறிந்து சொல்லப்பட்டவை அல்ல. ஆனால் அவற்றைக் கடைப்பிடித்தவனின் கதவு மூடியிருந்தது.

இன்று இயற்கை முறையில் இந்நோயை அடக்க விரும்புவோர் கேட்பது, எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்பதே. புளி, மிளகாய், தக்காளி, தேநீர், காப்பி, எண்ணெய்ப் பண்டம் என்று நீண்ட தடைப் பட்டியலை அவர்களிடம் தருவோர் பலர். ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்த ஒரு மதிப்புரை 2006-இல் வெளியாயிற்று. உடற்பருமன் உள்ளோர் எடை குறைத்தலும், படுக்கையில் தலைப்பக்கத்தை உயர்த்துதலும் பயன் தருவதாக அதில் கண்டனர். குறிப்பிட்ட உணவுகளை எல்லாருக்கும் பொதுவாக விலக்குவதற்குப் போதிய சான்று இல்லை. 2013-இல் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியும் இதனையே கூறி, உறங்குமுன் 2 அல்லது 3 மணி நேரம் உணவைத் தவிர்க்கச் சொன்னது. ஆகவே எவனுக்கு எது எரிச்சல் தருகிறதோ அவன் அதனை அறிந்து விலக்குவதே முறை. ஒருவருக்குப் புளிக்குழம்பு, மற்றவருக்குக் கொழுப்பு மிதக்கும் இறைச்சி ஆணம். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். செரிமானத்துக்கு நல்லது என்று விருந்தின் முடிவில் நாம் அருந்தும் புதினாக் கலந்த பானம் சிலருக்கு அத்தசை வளையத்தைத் தளர்த்தி எரிச்சலைக் கூட்டுகிறது. புகையும் அவ்வாறே. கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் அரை அடிக்குக் குறையாத கட்டை வைப்பதே உயர்த்துதல் எனப்படும். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அமுங்குவதே மிச்சம்.

படுக்கை என்றதும் நாம் தவிர்த்துச் செல்ல இயலாத ஒரு வினா எழுகிறது. வலப்புறம் சாய்ந்து உறங்குதல் சுன்னத். இப்னு ஸீனாவும் இப்னுல் கய்யிமும் உணவு கீழிறங்க முதலில் வலப்பக்கமும், செரிக்கச் சிறிது நேரம் இடப்பக்கமும், மீண்டும் வலப்பக்கமும் படுக்கச் சொல்கின்றனர். ஆனால் இக்காலத்தில் அமிலத்தை அளக்கும் நுண்குழல் பொருத்திப் பார்த்ததில், வலப்பக்கம் படுக்கும்போது எதுக்களிப்பு மிகுதி, இடப்பக்கம் குறைவு என்று தெரிகிறது. இரைப்பை இடப்பக்கம் சரிந்து கிடப்பதால், இடப்புறம் படுத்தால் அமிலம் கதவுக்குக் கீழே தேங்கும். வலப்புறம் படுத்தால் கதவே அமிலத்தில் மூழ்கும். சுன்னத்தைப் பேணுவோர் இதனால் கலங்க வேண்டியதில்லை. நின்று தொழ இயலாதவன் அமர்ந்து தொழும் சலுகையை உடைய ஷரீஅத்தில், நோயாளி வலப்புறம் சாய்ந்து துஆ ஓதித் தொடங்கி, பின் இடப்புறம் திரும்பிக்கொள்வதில் எவருக்கு என்ன தடை? இல்லாத மருத்துவப் பயனைச் சுன்னத்துக்குக் கற்பித்துவிட்டு, பின் ஆய்வு வந்து அதனை மறுக்கும்போது திகைப்பவர்களே கலங்குவர்.

நம் சமுதாயத்தின் உணவுப் பழக்கத்தில் இருண்ட பக்கம் ஒன்று உண்டென்றால் அது ரமலானின் இரவு என்று சொல்வோம். பகலெல்லாம் வயிறு ஒழிந்திருக்க, நோன்பு திறந்ததும் கஞ்சி. அது இலேசானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனோடு வடையும் சமோசாவும். தராவீஹுக்குப் பின் 10 மணிக்குமேல் இறைச்சியோடு முழுச் சாப்பாடு, உடனே படுக்கை. நான்கு மணிக்கு எழுந்து வயிறு நிறையச் சஹர். பஜ்ரு தொழுததும் மீண்டும் படுக்கை. நோன்பினால் வயிறு எரிகிறது என்று மருத்துவரிடம் சொல்பவர்களில் பலருக்கு எரிச்சல் தருவது நோன்பன்று. நோன்பில்லாத அந்தப் பத்து மணி நேரம். கடற்கரை ஊர்களின் விருந்துச் சஹனோ மற்றொரு சோதனை. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்து உண்பதில் உள்ள அன்பு பெரிது. ஆனால் மற்றவர் கையெடுக்காதிருக்க நாம் மட்டும் எழுந்தால் குறைவாகிவிடும் என்ற வெட்கத்தில், நிறைந்த வயிற்றில் மேலும் நான்கு பிடி இறங்குகிறது. மெல்ல உண்டு மற்றவருக்குத் துணையிருக்கக் கற்றவர் பெரியோர். நமக்கு அது ஐம்பது வயதுக்குப் பின்னரே கைவந்தது.

இனி முதலில் குறிப்பிட்டுவைத்த செய்திக்கு வருவோம். நெஞ்சும் இரைப்பையும் ஒரே பெயரில் மயங்குவது போலவே வலியிலும் மயங்குகின்றன. மார்பை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இவை காணும்போது வாயு என்றும் எரிச்சல் என்றும் எண்ணிச் சோடாவும் சீரகத் தண்ணீரும் தந்து காத்திருந்ததில் மாரடைப்புக்கு இரையானவர்களை நாம் நம் தெருவிலேயே அறிவோம். அந்நேரத்தில் உணவு நெறிக்கு வேலையில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதுபோலவே விழுங்கும்போது தடைபடுதல், காரணமின்றி மெலிதல், இரத்த வாந்தி, கருத்த மலம் இவற்றில் எது கண்டாலும் பத்தியம் போதாது. ஆண்டுக்கணக்கில் அமிலத்தில் தோய்ந்த உணவுக்குழாயின் உட்தோல் சிலருக்கு மாறுபட்டு, மிகச் சிலருக்குப் புற்றாகவும் முடிகிறது.

ஹஜ்ரத் அவர்கள் 1993-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறினார்கள். வயதாகிவிட்டது என்றார்கள். சில மாதங்களில் கஞ்சியும் இறங்காமல் பால் மட்டும் என்றாயிற்று. எங்களில் எவருக்கும் அது செய்தியாகத் தோன்றவில்லை. அவர்கள்தாம் எப்போதும் பால் குடிப்பவர்களாயிற்றே! மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது உணவுக்குழாயின் அடிப்பகுதி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. இரண்டு மாதம் வாழ்ந்தார்கள். இப்னு ஸுஹ்ர் தம் நூலில் உணவுக்குழாய் அடைபட்டவருக்குக் குழல் வழியே ஊட்டும் முறையை எழுதியிருப்பதை எங்களுக்கு முன்னர்க் கூறியவர்களும் அவர்களே. அக்குழலைத் தம் மூக்கில் பொருத்தியபோது எங்களைப் பார்த்துச் சற்றே சிரித்தார்கள்.

நாம் இப்போது ஓதிக் கொடுக்கும் மதரஸாவில் சென்ற ஷவ்வால் முதல் இரவு உணவை மஃரிபுக்குப் பின்னரே வைத்திருக்கிறோம். இஷாவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் பாடம் திருப்பிப் பார்த்தபின்தான் படுக்கை. மாணவர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். சமையற்காரர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்; அஸருக்கு முன்பே அவர் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியிருக்கிறது.